மூன்றாவது அறங்காவலர்

உள்ளே அண்ணன் சிரித்தான். கதவு சாத்தியிருந்தது, தலைக்கு மேலே விசிறி கடகடத்துக் கொண்டிருந்தது, வராந்தாவின் கோடியில் ஒரு குமாஸ்தா யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொண்டிருந்தார், அத்தனையையும் தாண்டி அந்தச் சிரிப்பு வந்து கோகிலவாணியின் காதில் விழுந்தது. சமரச மையத்துக்குள் போய்ச் சிரிப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது? சற்று முன்னால் அவள் உள்ளே இருந்தபோது சிரிக்கவில்லை. அழுதாள், அதுவும் பெரிதாக இல்லை, மூக்கை உறிஞ்சுகிற அளவுக்கு. சமரசம் பேசிவைக்கிற மீனலோசனி மேடம் டிஷ்யூ டப்பாவை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, புரியுதுங்க, என்றார். எதைச் சொன்னாலும் அந்தம்மாவுக்குப் புரிந்துவிடுகிறது. இப்போது அண்ணனுக்கும் அதே புரியுதுங்க போய்க் கொண்டிருக்கும், ஒருவேளை இன்னும் கொஞ்சம் கனிவாக, சிரிக்கிற ஆள் ஆயிற்றே. இரண்டு பக்கமும் புரிகிற ஒருத்தரிடம் நியாயம் கேட்டு என்ன ஆகப்போகிறது. காலையில் எல்லாரையும் சேர்த்து உட்கார வைத்து நடைமுறையை விளக்கினார்: ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிடுவேன், சொல்வதில் எதை எதிர்த்தரப்பிடம் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று கேட்டுக் கொள்வேன், கூடாது என்றால் வாயைத் திறக்க மாட்டேன். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய இம்சை என்று தெரிந்தது. அவள் சொன்னது அந்த மேசைமேல் இருக்கிறது, அண்ணன் சொல்வதும் அதே மேசைமேல்தான் விழுந்து கொண்டிருக்கிறது, ஒன்றை ஒன்று பார்க்காமல் இரண்டும் அருகருகே கிடக்கும், மேடம் ஒருத்தர்தான் இரண்டையும் பார்த்துக் கொண்டிருப்பார், புரியுதுங்க, புரியுதுங்க என்று.

எதிர்ச் சுவரில் இரண்டு கைகள் குலுக்கிக் கொள்கிற படம் ஒட்டியிருந்தது. கீழே, சமரசத்தில் தோற்றவர் என்று யாரும் இல்லை. உட்கார்ந்ததிலிருந்து அதையே படித்துக் கொண்டிருக்கிறாள். தோற்றவர் இல்லையென்றால் இந்த வராந்தாவில் இத்தனை பேர் எதற்காக முகத்தைத் தொங்கப்போட்டுக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கைகள் இரண்டும் ஆம்பிளைக் கைகள், இரண்டுக்கும் கோட்டு மாட்டியிருக்கிறது, யாருடைய கையோ, எந்த ஊரோ, என்ன சண்டையோ. அவளுக்கும் அண்ணன் தெய்வசிகாமணிக்கும் கையைக் குலுக்கிப் பழக்கமே இல்லை. அவர்கள் வீட்டில் யாரும் யாரையும் தொட்டுப் பேசியதில்லை, சாப்பிட்டாச்சா என்று கேட்டால் அதுதான் எல்லாம். கடைசியாக அண்ணன் எப்போது அப்படிக் கேட்டான் என்று யோசித்தாள். அப்பாவின் கருமாதிக்கு மறுநாள் கேட்டிருக்கலாம். சாப்பிட்டியா கோகி. அதற்கப்புறம் வக்கீல் நோட்டீஸ்தான், அதில் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

அப்படி என்ன சொத்துக்குச் சண்டை என்று யாராவது கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கும். பிணத்தை வைக்கிற குளிர்பெட்டிகள். சில பெட்டிகள், ஒரு அமரர் ஊர்தி, அவை நிற்கிற பழைய பஞ்சு மில் ஷெட்டு, அவ்வளவுதான். அவள் தாவணி போட்டிருந்த வயதில் பெரியத்தை கத்திரி வெயிலில் செத்துப்போனாள், பம்பாயிலிருந்து அத்தையின் மகன் வந்து சேரும்வரை ஐஸ் கட்டியும் மரத்தூளும் கொட்டி வைத்திருந்தார்கள். கரைந்த தண்ணீர் ஆசாரத்துத் தரை முழுக்க ஓடி வாசலுக்கு இறங்கியது, வந்தவர்கள் எல்லாம் சேலையைத் தூக்கிப் பிடித்துக் கொண்டு நின்று அழுதார்கள், மரத்தூள் வாசனை, ஊதுபத்தி வாசனை, அதற்கும் கீழே யாரும் பேர் சொல்லாத இன்னொரு வாசனை. பம்பாய் அத்தான் வந்தார், நிலைப்படியிலேயே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார், கடைசிவரை தாயின் முகத்துக்குப் பக்கத்தில் குனியவே இல்லை. அப்பாவுக்கு அது ஆறவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நாமதான் அவளை அப்படி ஆக்கிப்போட்டோம் என்பார். அதனால் கையில் காசு வந்ததும் குளிர்பெட்டி வாங்கினார், ஊரில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் இலவசம், சாதி கேட்கக் கூடாது, பெட்டி கொண்டு போகிறவன் அந்த வீட்டில் டீகூடக் குடிக்கக் கூடாது. பெரியத்தை பேரில் அறக்கட்டளை. அறங்காவலர் மூன்று பேர்: அம்மா, அண்ணன், அவள். பத்திரம் பதிந்துவிட்டு வந்த அன்று அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மூணு பேரு இருந்தா ரெண்டு பேரு ஒரு பக்கம் நின்னுதானே ஆகோணும், எங்கிருந்து சண்டை வரும், என்று பல்லுக்குச்சியை வாயில் வைத்துக் கொண்டே சொன்னார். பாவம். கணக்கு சரி. அம்மா எந்த வீட்டில் இருப்பாள் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

அம்மா தையிலிருந்து ஆனிவரை அண்ணன் வீட்டில், ஆடியிலிருந்து மார்கழிவரை கோகிலவாணி வீட்டில். யாரும் எழுதிவைத்த ஏற்பாடு இல்லை, அப்பா போன பிறகு அப்படியே அமைந்துவிட்டது. ஒரு வைகாசியில் அண்ணன் ஷெட்டை ஷோரூம்காரனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் பெட்டிகளைத் தன் கிடங்குக்கு மாற்றுவதாகத் தீர்மானம் எழுதினான், அம்மா கையெழுத்துப் போட்டாள். ஆடியில் அம்மா இங்கே வந்ததும் கோகிலவாணி அந்தத் தீர்மானத்தை ரத்துசெய்து இன்னொன்று எழுதினாள், அதிலும் அம்மா போட்டாள். தையில் அண்ணன் தங்கையை நீக்கினான். அம்மா போட்டாள். ஆடியில் தங்கை அண்ணனை நீக்கினாள். அதற்கும். இப்படியே வருசக்கணக்காகப் போயிற்று, கடைசியில் பாங்க்காரர்கள் அண்ணன், தங்கை இரண்டு பேர் காசோலையையும் நிறுத்திவிட்டார்கள், விசயம் கோர்ட்டுக்கு வந்தது. நீதிபதி எல்லாத் தீர்மானத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைக் கசக்கிக் கொண்டார். அம்மாவைக் கூண்டுக்குக் கூப்பிடாமல் தன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஏனுங்கம்மா, இதுல எதுங்க உங்க விருப்பம், என்று கேட்டார். ஒரு கோர்ட்டே காத்திருந்தது. அம்மா காகிதங்களைப் புரட்டிப் பார்த்தாள், பேரப்பிள்ளையின் பரீட்சைத்தாளைப் பார்ப்பது மாதிரி. "எல்லாமே என்ற கையெழுத்துத்தானுங்க சாமி," என்றாள்.

அதை நினைத்தால் இப்போதும் கோகிலவாணிக்குத் தலையில் அடித்துக் கொள்ளத் தோன்றும். எத்தனை தடவை கேட்டிருக்கிறாள், ஏம்மா, அங்க இருந்தா அவனுக்குப் போடற, இங்க இருந்தா எனக்குப் போடற, உனக்குன்னு ஒரு இது இல்லையா என்று. அம்மா அதற்கு நேராகப் பதில் சொன்னதே கிடையாது. சந்தவை இன்னொரு ஈடு பிழியட்டுமா என்றுதான் கேட்பாள், அல்லது மழை வர்றாப்புல இருக்குது துணிய எடு. ஒருநாள் மட்டும், நல்லா வெந்த பருப்பை மத்தால் கடைந்து கொண்டே, நீ நீட்டற, நான் போடறேன், என்றாள். திட்டவில்லை, குறை சொல்லவில்லை, கேஸ் அடுப்பு எரிகிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். கோகிலவாணிக்கு அப்போது கோபம்தான் வந்தது. தான் நீட்டுவது நியாயம், அண்ணன் நீட்டுவது ஏமாற்று, இரண்டையும் அம்மா எப்படி ஒரே நீட்டாகச் சொல்லலாம்? அப்பா வைத்த ஷெட்டு அங்கேயே இருக்க வேண்டும் என்பது நியாயமில்லாமல் என்ன. ஆனால் அவள் எப்போது நீட்டினாள்? சாப்பாடு முடிந்து, அம்மா கை கழுவி வந்து, மோரும் குடித்து, வெற்றிலைக்குக் கையை நீட்டுகிற நேரம். அதை ஏன் அந்த நேரத்தில். காலையில் நீட்டியிருக்கலாம். காலையில் அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால்தான். ஆமாம், அதனால்தான். இதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும். அண்ணனும் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் நீட்டியிருப்பான். நங்கை, அவன் பெண்டாட்டி, சமைப்பதில் கெட்டிக்காரி, இனிப்புக்கு ஒப்புட்டு போட்டால் தாளைவிட மெல்லிசாக வரும். ஷெட்டு வாடகைத் தீர்மானம் அன்றைக்கு ஒப்புட்டாகத்தான் இருந்திருக்கும்.

பெஞ்சில் உட்கார்ந்த இடத்திலிருந்து முன்னறையின் அரைக்கதவு தெரிந்தது. அந்த அறையில்தான் அம்மாவை உட்கார வைத்திருக்கிறார்கள், யாரும் காதில் ஓதிவிடக் கூடாது என்று. கதவுக்குக் கீழே அம்மாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. காலில் ஊதாக் கலரில் புதுச் செருப்பு. இது யார் வாங்கிக் கொடுத்தது? அவள் வாங்கிக் கொடுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பழைய தோல் செருப்புத்தான் போட்டிருந்தாள். அப்படியானால் அண்ணன் பார்க்கப் போகிற புதன்கிழமை. அண்ணன் வாங்கி வந்திருக்கிறான். அண்ணனுக்குச் செருப்பு அளவு எப்படித் தெரியும், நங்கை சொல்லியிருப்பாள். போச்சாது, செருப்புத்தானே. ஆனால் ஊதாக் கலர், இந்த வயதில், யாராவது வாங்குவார்களா. பொறுமையில்லாமல் அந்தக் கால்களையே பார்த்துக் கொண்டிருந்தாள். அவை ஆடவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல நிதானமாக இருந்தன.

எல்லாவற்றிலும் மோசம் அந்த ஏற்பாடுதான். இரண்டு பக்க வக்கீலும் சேர்ந்து செய்தது. அம்மா எந்த வீட்டில் இருக்கிறாளோ அந்தப் பக்கம் சாய்வாள் என்பதால், வழக்கு முடியும்வரை இரண்டு வீட்டிலும் தங்கக் கூடாது. பெருந்துறை ரோட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கட்டும், மகள் ஞாயிற்றுக்கிழமை, மகன் புதன்கிழமை போய்ப் பார்க்கட்டும். அன்றைக்கு அது அவளுக்கு வெற்றி மாதிரி இருந்தது, ஏனென்றால் அது மாசி, அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையை இப்போது எதில் கொண்டுபோய் முட்டிக் கொள்வது. பிள்ளைகள் இரண்டு பேர் கல்லுக்குண்டாட்டம் இருக்க, ஊருக்கே பெட்டி அனுப்புகிற குடும்பத்துப் பொம்பளை, வரிசையாகக் கட்டில் போட்ட அறையில். ஒறம்பரை சனமெல்லாம் காது குத்துக்கும் சீருக்கும் பார்க்கும்போது கேட்கிறார்கள், அம்மா இப்ப எங்கம்மிணி இருக்கறாங்க? கேட்கும்போதே அவர்களுக்குப் பதில் தெரியும், அவள் வாயால் வர வேண்டும் என்று நிற்பார்கள். ஞாயிறுதோறும் ஒரு தூக்குப்போசியில் அரிசியும் பருப்பும் சாதம் கொண்டு போகிறாள், நெய் தனியாக. அம்மா சாப்பிட்டுவிட்டு, நல்லா இருக்குது கண்ணு, என்பாள். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தால் வண்டியை எடுக்கவே கை வராது.

அதைவிட இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை, வக்கீலிடம் மட்டும் ஒருமுறை, வேறு எதையோ கேட்பது போலக் கேட்டாள். வழக்கு முடிவதற்குள் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் எந்த வீட்டுக்குக் கொண்டு போவது? இரண்டு வீட்டிலும் தங்கக் கூடாது என்றுதானே இருக்கிறது. ஆசாரத்தில் ஒரு ராத்திரி கிடத்தி வைத்தால் அது தங்குவதில் சேருமா? வக்கீல் பேனாவை மூடிவிட்டு, அப்படியெல்லாம் ஏனுங்க நினைக்கிறீங்க, என்றார். தெரியாது என்று அர்த்தம். அப்புறம் பெட்டி. பெட்டிக்கு யார் சொல்லி அனுப்புவது, அண்ணன் பேரிலா அவள் பேரிலா. டிரைவர் ரங்கநாதன் இரண்டு பேரிடமும் சம்பளம் வாங்காமல் ஊர்க்காரர்கள் கொடுப்பதை வைத்து ஓட்டிக் கொண்டிருக்கிறான், அவன் இரண்டு வாசலில் எதில் கொண்டுவந்து இறக்குவான். நடுரோட்டில் நிற்கிற வண்டி. குளிரில் கண்ணாடிக்கு உள்ளே வேர்த்துப்போய் முகம் தெரியாமல், யாராவது துணியால் துடைத்து, துடைத்து. போதும். இதைத்தான் உள்ளே சொல்ல வந்தாள், சொல்லவில்லை, அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொன்னாள்.

அறக்கட்டளையை அவனே வெச்சுக்கட்டும்ங்க மேடம். ஷெட்டை விடட்டும், பெட்டியை எங்க வேணும்னாலும் கொண்டுபோய் நிறுத்தட்டும். நான் விலகிக்கிறேன். அம்மாவை மட்டும் எங்கூட அனுப்பிடச் சொல்லுங்க. இதைச் சொல்லும்போதுதான் மூக்கு ஒழுகியது. மேடம் பென்சிலால் எழுதிக் கொண்டார், இதை அவங்ககிட்டச் சொல்லலாங்களா என்று கேட்டார். வேண்டாங்க, என்றாள் அவசரமாக. அவன் மொதல்ல எறங்கி வரட்டும், அப்புறம் சொல்லுங்க. மேடம் எழுதியதைச் சுற்றி வட்டம் போட்டார். இப்போது நினைத்தால் அந்த வட்டம்தான் உறுத்துகிறது. ஏன் வேண்டாம் என்றாள்? விட்டுக் கொடுக்கிறவள் விட்டுக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, அதில் என்ன முதலில் அவன், அப்புறம் நான். தோற்றவர் என்று யாரும் இல்லை. இருக்கிறார்கள், முதலில் வாயைத் திறக்கிறவர்தான் தோற்றவர், இது அந்தக் கோட்டுக் கைகளுக்குத் தெரியாது. உள்ளே அண்ணன் தொண்டையைச் செருமினான். அந்தச் செருமல் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்து வந்த அன்று அப்பா முன்னால் நின்று இப்படித்தான் செருமுவான், இரண்டு தடவை, அப்புறம் உண்மையைச் சொல்லிவிடுவான். பொய் சொல்வதற்கு அவன் செருமியதே இல்லை, பொய் தங்குதடையில்லாமல் வரும். அப்படியென்றால் இப்போது உள்ளே என்ன உண்மையைச் சொல்கிறான்?

கதவு திறந்தது. அண்ணன் வந்தான். அவனுக்குப் பின்னால் மேடம் எட்டிப் பார்த்து முன்னறைப் பக்கம் கையசைத்தார், அம்மா எழுந்தாள், ஊதாச் செருப்பு வராந்தாவைக் கடந்து உள்ளே போயிற்று, இரண்டு பேரில் யாரையும் பார்க்காமல். அண்ணன் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். நடுவில் மூன்று பேர் உட்கார இடமிருந்தது. அவனுக்கு நரை காதோரமெல்லாம் ஏறிவிட்டிருந்தது, சட்டைக் காலர் உள்ளே மடிந்து கிடந்தது, நங்கை பார்க்கவில்லை போலிருக்கிறது. சொல்லலாமா என்று நினைத்தாள். சொன்னால் பேச ஆரம்பித்தது நீதான் என்று ஆகிவிடும். அவனும் கை விரல்களைச் சொடக்கெடுத்துக் கொண்டே இருந்தான், ஒவ்வொன்றாக, எடுத்த விரலையே மறுபடி. பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்துக் கொண்டு, அவளிடம் சொல்லாதது போலச் சொன்னான், கீழயே ஒரு ரூமு எடுத்துக் கட்டியாச்சு. டைல்ஸ் வழுக்குமுன்னு மாத்திட்டேன். பாத்ரூமுல கைப்பிடி வெச்சிருக்குது. எதுக்கு, என்று கேட்டாள், கேட்கும்போதே தெரிந்துவிட்டது. மாடிப்படி ஏற முடியாதல்லோ, என்றான். அப்புறம் செருமினான், இரண்டு தடவை.

அவளுக்கு வந்தது சிரிப்பா எரிச்சலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இவனும் அதையேதான் சொல்லியிருக்கிறான். பெட்டியை அவளே வெச்சுக்கட்டும், ஷெட்டை அவளே பூட்டிக்கட்டும், அம்மாவை எங்கிட்ட அனுப்புங்க, ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அதற்கும் ஒரு வட்டம். இரண்டு வட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொண்டு அந்த மேடம் எப்படித்தான் சிரிக்காமல் இருந்தாரோ. இத்தனை வருசம் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிக் கொண்டிருந்த சாமானை இப்போது இரண்டு பேரும் ஒரே நாளில் கீழே போட்டாயிற்று, எடுக்க ஆளில்லை. இனிமேல் சண்டை அம்மாவுக்காக. பெட்டிக்காவது பத்திரம் இருந்தது, அம்மாவுக்கு எந்தப் பத்திரத்தைக் காட்டுவது. ஆறு மாசம் அங்கே, ஆறு மாசம் இங்கே என்று பழையபடி வைக்கலாம் என்றால் அதிலிருந்துதானே எல்லாம் தொடங்கியது. அவன் கைப்பிடி வைத்துவிட்டான். அவள் வீட்டில் கைப்பிடி இல்லை. இதையெல்லாம் மேடம் கேட்டிருப்பார், கைப்பிடி உள்ள வீட்டுக்குத்தானே புரியுதுங்க அழுத்தமாக விழும். நாளைக்கே ஆள் கூப்பிட்டு வைத்துவிட வேண்டும், எவர்சில்வரில்.

அம்மா உள்ளே போய் நேரமாகிவிட்டது. அம்மாவிடம் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் காலையில் அவள் நினைத்திருந்தாள். உங்க அம்மா என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டுப் பார்த்தீங்களா என்று மேடம் கேட்டதற்குக்கூட, அவங்களுக்கு எங்கூட இருக்கத்தானுங்க ஆசை, என்று பட்டென்று சொன்னாள். கதவு திறந்தபோது அம்மா மேடத்தின் கையைப் பிடித்து ஏதோ சொல்லிக் கொண்டிருந்தாள், மேடம் குனிந்து கேட்டுக் கொண்டிருந்தார், புரியுதுங்க என்று சொல்லவில்லை. அம்மா மெதுவாக வந்து பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சற்று உள்ளே நகர்ந்தார்கள். என்னம்மா சொன்ன உள்ள, என்று அண்ணன்தான் கேட்டான். அது அந்தப் பொண்ணு சொல்லக் கூடாதாமா, என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "அவதான் சொல்லக் கூடாது, நாஞ் சொல்லலாம்," என்று தானே தீர்ப்புச் சொல்லிக் கொண்டு, "வாய்தா கேட்டிருக்கறேன்," என்றாள்.

எதுக்கு வாய்தா, என்றார்கள் இரண்டு பேரும். இன்றைக்கே முடிந்துவிடும் போலிருக்கிறது என்று மேடம் சொன்னாராம், உங்க மகனும் மகளும் நல்ல மனசோட இருக்கறாங்க, நீங்க சொன்னா இன்னைக்கே எழுதிறலாம் என்று. அதனால்தான் கேட்டாளாம். "கேசு முடிஞ்சா என்னைய எங்க கொண்டுபோயி வெப்பீங்க?" என்றாள். எங்கூட்டுல, என்றாள் கோகிலவாணி; எங்கூட்டுல, என்றான் அண்ணன்; ஒருவர் குரல்மேல் ஒருவர் குரல் ஏறியது. அம்மா இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அதுக்குத்தான், என்றாள்.

கோகிலவாணிக்குக் காது சூடாகிவிட்டது. ஏம்மா, அங்க என்ன இருக்குதுன்னு அங்கயே இருக்கறேங்கற, ஊரே கேட்குது, எனக்கு மானம் போகுது, இத்தனை பெரிய வீட்டுல உனக்கொரு கட்டில் போட இடமில்லையா, என்று அடித்தொண்டையில் படபடவென்று பேசினாள். அண்ணனும் ஆமாம்மா, ஆமாம்மா என்று பின்னாலேயே வந்தான். அவன் அவளுக்கு ஒத்துப் பாடி எத்தனை காலமாயிற்று. அம்மா கேட்டுக் கொண்டுதான் இருந்தாள். செருப்பைக் கழற்றி, ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்துக் கொண்டாள். பிறகு, சத்தமே இல்லாமல், "அங்க கொழம்பு நல்லா இல்லீன்னா, நல்லா இல்லீன்னு சொல்லறேன் கண்ணு. யாரும் மூஞ்சியத் தூக்கறதில்லை," என்றாள். "உங்க ரெண்டு பேரு ஊட்லயும் நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னே சொல்லிட்டு இருந்தேன். கையெழுத்துப் போட்டதும் அதே கணக்காத்தான்." விசிறி ஓடிக் கொண்டிருந்தது. இல்லத்து வண்டிக்காரர் படியில் நின்று கையைத் தூக்கிக் காட்டினார், அம்மா எழுந்து கொண்டாள், பக்கத்துக் கட்டில் டீச்சரம்மாவுக்கு இன்னைக்குக் கண்ணுல மருந்து உடறது நான்தான், நேரமாச்சு, என்றாள். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள். பார்க்க வர்றப்ப சேந்துக்கிட்டு வந்துராதீங்க, நீ ஞாயித்துக்கெழமை, அவன் பொதங்கெழமை, அப்படியே இருக்கட்டும், வாரத்துல ரெண்டு நாளைக்கு எனக்கு ஆள் வந்த மாதிரி இருக்குது, என்றாள். வண்டியில் ஏறும்போது யார் கையையும் கேட்கவில்லை.

அரிசியும் பருப்பும் சாதம். நெய் தனியாக. நல்லா இருக்குது கண்ணு. எந்த ஞாயிற்றுக்கிழமை அது நன்றாக இருந்தது, எந்த ஞாயிற்றுக்கிழமை இல்லை? உப்பு போட மறந்த அன்றைக்கும் அதையேதானே சொன்னாள், வீட்டுக்கு வந்து மீதியை வாயில் வைத்த பிறகுதான் கோகிலவாணிக்கே தெரிந்தது. இத்தனை வருசத்தில் எத்தனை வேளை. அவளுக்கு அழுகை வரவில்லை, வந்தது ஆத்திரம், அது அம்மாமேல்தான் என்று கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு யார்மேல் என்று தெரியாமல் வராந்தா முழுக்க அலைந்தது. சொல்லியிருக்கலாமே. உப்பில்லைன்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால்? முகத்தைத் தூக்கியிருப்பாள், ஒரு நாள் முழுக்க, அதுவும் உண்மைதான். அந்த ஆத்திரத்துக்கு நடுவில் எங்கிருந்தோ ஒரு நினைப்பு பூனை மாதிரி நுழைந்தது: அம்மா வரப்போவதில்லை என்றால் பெட்டியை மட்டும் எதற்கு இவனுக்கு விட்டுக் கொடுக்க வேண்டும்? அடச்சே, என்றாள் வாய்விட்டு. என்ன, என்றான் அண்ணன். ஒண்ணுமில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அவனிடமும் அந்தப் பூனை நுழைந்துவிட்டது, அவன் கீழே பார்த்துக் கொண்டிருந்தான். காலர் உள்ளே மடிஞ்சிருக்குது, என்றாள். அவன் எடுத்துவிட்டுக் கொண்டான்.

மேடம் இரண்டு பேரையும் சேர்த்து உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் பென்சில் தாள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மா உட்கார்ந்த நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை, அதுபாட்டுக்கு நடுவில் கிடந்தது, அவளும் அண்ணனும் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். காலையில் நீங்க எங்கிட்டச் சொன்னதுல ஏதாவது மாத்தம் இருக்குங்களா, என்று மேடம் பொதுவாகக் கேட்டார், ஆனால் பார்வை முதலில் அவள்மேல் நின்றது, பிறகு அவன்மேல். நான் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அந்தக் கண்கள் கெஞ்சின. பாவம், வெளியே வராந்தாவில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் அந்தம்மாவுக்கு. ஒரு வார்த்தைதான். அவள் சொல்லலாம், அவனே வெச்சுக்கட்டும்ங்க என்று, அவனும் உடனே, இல்லை அவளே வெச்சுக்கட்டும் என்பான், பத்து நிமிடத்தில் எழுதி முடித்துவிடலாம், ஷெட்டுக்கு ஒரு வழி பிறக்கும், ரங்கநாதனுக்குச் சம்பளம் கிடைக்கும். வழக்கு முடியும். முடிந்த அன்று சாயங்காலமே பெருந்துறை ரோட்டில் இரண்டு கார் போய் நிற்கும். அம்மா துணிமணியைக் கட்டிக் கொண்டு, எதில் ஏறுவது என்று பார்த்துக் கொண்டு நிற்பாள், எதில் ஏறினாலும் நல்லா இருக்குது என்பாள். அம்மா வாழ்நாளில் அவளிடம் எதையாவது கேட்டிருக்கிறாளா என்று கோகிலவாணி தேடிப் பார்த்தாள். வெற்றிலை, மோர், துணிய எடு. வேறு ஒன்றும் அகப்படவில்லை. கேட்ட ஒன்றே ஒன்றும் இப்படிப்பட்டதா. எரிச்சல் தாங்காமல் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டாள். அண்ணன் செருமவே இல்லை.

"அடுத்த வாய்தா எப்பங்க மேடம்?" என்று கேட்டாள்.

மேடம் அவளையே பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுக் காலண்டரைத் தன் பக்கம் இழுத்தார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துத் தேதிகளைத் தள்ளினான்.

"எப்ப வேணும்னாலும் போடுங்க," என்றான். "பொதங்கெழமை மட்டும் வேண்டாங்க."